ஒத்திகைக்கு எல்லோரும் வந்தார்கள், வீட்டுக்கு

இதை எழுதுவதற்கு நான் யார் என்ற கேள்வி உங்களுக்கு வரும் முன்பே எனக்கு வந்துவிட்டது. நான் பத்தாவது வரை படித்தவள். பரீட்சைத் தாளுக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. போன வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, "புதுசா சேர்ந்தவங்களுக்குக் குடுக்கணும் மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்றாள். எனக்கு எழுத வராது என்றேன். அப்படியானால் பேசுங்கள், நான் பதிவு செய்துகொள்கிறேன் என்றாள். பேசுவதற்கு எழுதுவதே மேல் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறிவுரை மாதிரி எங்கேயாவது தெரிந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தவள். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். மெஷின் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். எங்கள் சர்ச்சுக்கு வந்துபோன ஒருவர் மூலமாக நிவாரண அமைப்பில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். நேர்காணலில் நான் ஒன்றுமே பேசவில்லை. "இந்தம்மா நல்லா கேக்குறாங்க, களத்துக்கு இப்படி ஆள்தான் வேணும்" என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பயத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பல வருடம் அந்தப் பெயரிலேயே காலம் தள்ளிவிட்டேன். முழங்கால் ஒத்துழைக்காததால் சமீபத்தில்தான் வேலையை விட்டேன்.

எனக்குக் கொடுத்த இடம் ஆம்பூர் பக்கம் இருக்கும் ஓர் அகதி முகாம். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இருக்கும் முகாம். படகில் வந்தவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் எல்லாம் இங்கேயே பிறந்தவர்கள். பெரியவர்கள் தங்கள் இலங்கை ஊர்ப் பேச்சுப் பேசுவார்கள். பிள்ளைகள் நம்மைப் போல 'இன்னா' என்பார்கள். ஒரே வீட்டில் இரண்டும் கேட்கும். ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் வேலைக்குப் போவார்கள். பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போவார்கள். வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். அந்த வரிசைக்கு லைன் என்று பெயர். முகாமுக்கு மேலே ஏரி. முகாமின் ஓரத்தில் ஏரியின் உபரித் தண்ணீர் போகும் கால்வாய். கடைசி லைன் அந்தக் கால்வாயை ஒட்டி, பள்ளத்தில் இருக்கிறது.

என்னுடைய வேலை முதலில் கம்பளி, பாத்திரம், சோப்பு கொடுப்பதாக இருந்தது. பிறகு மேலே இருப்பவர்கள், கொடுப்பது மட்டும் போதாது, வெயிலையும் வெள்ளத்தையும் தாங்குகிற மாதிரி மக்களைத் தயார் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர் இருந்தது. முகாமில் அதை 'வெள்ளைப் பெயின்ட்டுத் திட்டம்' என்றார்கள். ஏனென்றால் நாங்கள் முதலில் செய்தது, சூடு குறைய வேண்டும் என்று எல்லாக் கூரைக்கும் வெள்ளை அடித்தது. பெயின்டர்கள் குடியிருக்கும் இடத்தில் போய்ப் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. கீழே நின்றுகொண்டு முகாமே மேஸ்திரி வேலை பார்த்தது. பிரைமர் எங்கே என்று கேட்டார்கள். பிரஷ்ஷைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் எங்கள் ஆட்களை இறக்கிவிட்டு அவர்களே ஏறி அடித்தார்கள். மத்தியானம் வீட்டுக்குள் சூடு கொஞ்சம் கம்மியானது உண்மை. ஆனால் அதற்கு யாரும் எங்களைப் பாராட்டவில்லை.

அடுத்து வீட்டுக்கு ஒரு நீல டிரம் கொடுத்தோம். இறுக்கமான மூடி. வெள்ளம் வந்தால் முக்கியமான பொருள்களை அதில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு ஓடலாம். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். ஒரு வீட்டில் அதில் அரிசி இருந்தது. ஒரு வீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் தாய்மாமனே அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சொன்ன மாதிரியே டிரம்மை வைத்திருந்தது ஒருவர்தான். கடைசி லைனில் இருந்த மங்கை அக்கா. அவர் டிரம்மைத் திறந்து காட்டினார். உள்ளே முகாம் அட்டை, ரேஷன் கார்டு, கணவர் படம், மகளின் பள்ளிச் சான்றிதழ். வேறு ஒன்றும் இல்லை. ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது, ஊற்றிப் பார்த்துவிட்டேன் என்றார். நான் போட்டோ எடுத்து அனுப்பினேன். அலுவலகத்தில் மிகவும் சந்தோஷப்பட்டார்கள்.

மங்கை அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் இறந்துவிட்டார், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார், தனியாக இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை முகாமில் செக்கிங் என்று ஒன்று நடக்கும். வருவாய்த் துறையிலிருந்து ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், பதிவேட்டோடு வருவார். எல்லோரும் அவரவர் வீட்டு வாசலில் அட்டையோடு நிற்க வேண்டும். அவர் பேர் கூப்பிட்டு, முகம் பார்த்து, டிக் போடுவார். என்றைக்கு வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வந்ததும் முகாம் தலைவர் ஸ்பீக்கரில் கூப்பிடுவார். சில வருடத்துக்கு முன்பு மங்கை அக்கா தங்கை சாவுக்குத் திருச்சிப் பக்கம் போயிருந்த நேரத்தில் செக்கிங் வந்துவிட்டது. பேரை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்ப்பதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் அலைந்தார். அதுவரை அரிசி இல்லை, அட்டை இல்லை. அரசாங்கக் கணக்கில் அப்படி ஒரு ஆளே இல்லை. அதற்குப் பிறகு அவர் முகாமை விட்டு வெளியே ஓர் இரவும் தங்கியதில்லை. மகளின் பிரசவத்துக்குக்கூடக் காலையில் போய் மாலையில் வந்துவிட்டார். கடைசி லைனில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் மங்கை அக்கா என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது ஒத்திகைக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து ஒரு பயிற்சி சார் வந்திருந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. எல்லோருக்கும் முன்னால் அவரே மூட்டையைத் தூக்குவார். வெள்ளம் வந்தால் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு ஒத்திகை வைத்தார். புதிதாக எதையும் வாங்காமல் உள்ளூரில் இருப்பதையே பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. முகாமில் ஏற்கெனவே ஸ்பீக்கர் இருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த பெரிய குழாய் ஸ்பீக்கர். அதிலேயே சைரன் சத்தம் போட்டுவிடலாம் என்றார். எங்கள் யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

முதல் நாள் வீடு வீடாகப் போய், நாளைக்கு ஸ்பீக்கர் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். சார் பள்ளிக்கூடத்தில் பேனர் கட்டி, முதலில் வரும் குடும்பத்துக்குக் கொடுக்க ஒரு டார்ச் லைட்டைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். டீயும் சமோசாவும் தயார். நான் முகாமில் இருந்தேன். தலைவர் யோகராசா அண்ணன் தன் செல்போனை மைக்கிடம் வைத்தார். சைரன் கத்தியது.

அந்தக் காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போனவர்கள் முகாமை நோக்கி ஓடிவந்தார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சலூனிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். யாரோ யாருக்கோ போன் செய்திருக்க வேண்டும், சற்று நேரத்தில் வாணியம்பாடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையெல்லாம் சிமென்ட் கலரோடு மூன்று பேர் ஒரு வண்டியில் வந்து இறங்கினார்கள். ஷூ கம்பெனியிலிருந்து பெண்கள் ஆட்டோ பிடித்து வந்தார்கள். 'செக்கிங்' என்று சொன்னால் அங்கே சூப்பர்வைசர் கேட்டைத் திறந்துவிடுவார். சத்தம் நிற்பதற்குள் முகாமே அவரவர் வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றது. கடைசி லைன் முழுக்க, கால்வாய்க்குப் பத்தடி தூரத்தில், மிக ஒழுங்காக நின்றது.

சார் பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்தார்.

"என்னம்மா, ஒருத்தரும் வரலையே?"

"எல்லாரும் வந்துட்டாங்க சார்."

"எங்க?"

"வீட்டுக்கு."

வேலைக்குப் போனவர்கள்கூடவா என்று கேட்டார். ஆமாம் சார், வாணியம்பாடியிலிருந்துகூட வந்துவிட்டார்கள் என்றேன். வெள்ளம் வந்தால் பாதிப் பேராவது வெளியே பத்திரமாக இருப்பார்கள், நம் ஒத்திகை அவர்களையும் பள்ளத்துக்குக் கூட்டி வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாருக்கும் உறைத்திருக்க வேண்டும். சமோசாவை எல்லாம் முகாமுக்கே அனுப்பிவிட்டார். வாசலில் நின்றபடியே சாப்பிட்டார்கள். ஆர்.ஐ. எங்கே, ஆர்.ஐ. எங்கே என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஒரு நாள் கூலி போனவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அது நியாயம். அன்று சாயங்காலம் கூட்டம் போட்டு சார் விளக்கினார். முகாம்காரர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். மங்கை அக்கா மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நாங்கள் உங்கட சத்தத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போறம். அந்த நேரம் ஆர்.ஐ. வந்திட்டா?"

அப்படி நடக்காது என்றார் சார்.

"நடந்தது," என்றார் மங்கை அக்கா. உட்கார்ந்துவிட்டார்.

ஸ்பீக்கரை விட்டுவிட்டு வெள்ளத்துக்கென்று தனியாக ஒரு சைரன் வைப்பது என்று முடிவானது. அதற்கு அனுமதி கேட்டு மனு போட்டோம். அனுமதி வருவதற்குள் மழை வந்துவிட்டது.

கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆன சமயம், நவம்பர் கடைசி. ஆந்திராப் பக்கம் மலையில் பேய்மழை. பாலாற்றில் தண்ணீர் போவதைப் பார்க்கப் பாலத்தில் ஜனங்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஏரியும் நிரம்பி, உபரித் தண்ணீர் கோடி வழியாக வழிய ஆரம்பித்தது. காலையில் கிராம நிர்வாக அலுவலர் தலைவருக்குப் போன் செய்து, கரை தாங்குமா தெரியவில்லை, மத்தியானத்துக்குள் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிடுங்கள் என்றார். யோகராசா அண்ணன் மைக்கைப் பிடித்தார். ஸ்பீக்கர் கத்தியது. வெளியே இருந்தவர்கள் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு ஓடிவந்து வாசலில் நின்றார்கள்.

அந்த மாதச் செக்கிங் இன்னும் வரவில்லை. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மாதம் முடியப் போகிறது, இன்றோ நாளையோ ஆர்.ஐ. வந்தே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேல் லைன்காரர்கள் தலைவர் கத்திய கத்தலில் முனகிக்கொண்டே கிளம்பிவிட்டார்கள். கடைசி லைன் அசையவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கால்வாயில் தண்ணீர் பழுப்பாக, தோல் தொழிற்சாலைப் பக்கத்து நுரையைச் சுமந்துகொண்டு, கரைக்கு ஒரு முழம் கீழே போய்க்கொண்டிருந்தது. மங்கை அக்கா வாசலில் நீல டிரம்மைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு. பக்கத்து வீடுகளில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, ஏரி உடைஞ்சா முதல்ல இந்த லைன்தான். வாங்க போலாம்."

"நீங்கள் போங்கோ எஸ்தர். நான் டிக் விழுந்தாப் பிறகு வாறன்."

"அதுக்குள்ள தண்ணி வந்துட்டா?"

"தண்ணி வந்தா வத்தும். பேர் போனா ஆர் தாறது? நீங்களே?"

பயிற்சியில் எங்களுக்குப் பல சார்ட்டுகள் காட்டியிருந்தார்கள். தண்ணீர் எவ்வளவு ஏறினால் எந்தக் கலர் என்பதெல்லாம் அதில் இருந்தது. பேர் போவதற்கு ஒரு கலரும் இல்லை.

மழையில் ஓரமாக ஒதுங்கி சாருக்குப் போன் செய்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் மேல் லைன் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "ஆர்.ஐ. ஏற்கெனவே ஸ்கூலுக்கு வந்துட்டார்னு சொல்லுங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உயிர் பெரிது என்று சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் சரி என்று பட்டது. மங்கை அக்கா முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். இன்று பொய் சொல்லிக் கூட்டிப் போய்விடலாம். அடுத்த மழைக்கு எப்படிக் கூப்பிடுவது? அதோடு எனக்குப் பொய் சொல்லும்போது காது சிவந்துவிடும், முகாமுக்கே அது தெரியும். அதனால், நிஜமாகவே ஆர்.ஐ.யைக் கூப்பிடுகிறேன் சார் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஆர்.ஐ.யிடம் அதுவரை நான் வணக்கத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரிய மீசை, பெரிய தொப்பை. வண்டியை விட்டு இறங்கினாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். என்ன பேச வேண்டும் என்று இரண்டு தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். முகாமில் செக்கிங்கை இன்றைக்கே, பள்ளிக்கூடத்தில் வைத்து எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீ, ஊரே முழுகினு இருக்குது, நீ செக்கிங் எடுன்றியே. பேஜார் பண்ணாத."

முழுகுவதால்தான் கேட்கிறேன் என்றேன்.

"கேம்ப் செக்கிங்க கேம்ப்லதாம்மா எடுக்கணும். ஸ்கூல்ல நிக்கிற ஆளக் கேம்ப்ல கீறான்னு எப்படி டிக் போடுவேன்? நாளைக்கு ஆடிட்ல கேட்டா?"

"சார், ஒரு லைன் முழுக்க உங்களுக்காகத்தான் நிக்குது. நீங்க வராம ஒருத்தரும் நகர மாட்டாங்க."

அவருக்காக யாராவது நிற்பதாக யாரும் அதற்கு முன்பு சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் யோசித்தார். வர்றேன், ஆனால் இன்னா எழுதுறதுன்னு எனக்கே தெரியல என்று போனை வைத்தார்.

ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றதால் அவர் வண்டி வர முடியவில்லை. பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு மேல்விஷாரத்திலிருந்து வந்த ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் மழையில் ஊறினால் என்ன வாசனை அடிக்கும் என்று இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கப் போகும் உங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். முகாம் வாசலில் லாரி நின்றது. ஹெல்மெட்டோடு ஆர்.ஐ. இறங்கினார். வாசனை அவருக்கு முன்னால் வந்தது. தொப்பை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. பதிவேட்டைப் பாலிதீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, அதற்கு மேல் ரெயின்கோட் போட்டுப் பட்டன் மாட்டியிருந்தார்.

கடைசி லைன் முழுக்க அட்டையை நீட்டியது.

நான் போனில் பேசிய எதுவும் அவர் மனதில் தங்கியிருக்கவில்லை. வந்த வேகத்தில், வந்ததற்கு இங்கேயே டிக் போட்டு முடித்துவிடுவோம் என்று நினைத்தார் போல. மங்கை அக்கா வீட்டின் கூரை ஓரத்தில் ஒதுங்கி, ரெயின்கோட் பட்டனைக் கழற்றி, பையைப் பிரித்தார். சொல்லி வைத்த மாதிரி கூரையில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு வாளி அளவுக்கு அவர் தோளில் கொட்டியது. பதிவேட்டின் ஓரத்தில் நான்கு சொட்டு விழுந்தது. அவர் அலறிக்கொண்டு அதைத் திரும்பச் சட்டைக்குள் திணித்தார்.

"இங்க தொறக்க மாட்டேன். முடியாது. இது நனைஞ்சா நான் சஸ்பெண்ட். மையி ஊறிச்சுன்னா ஒருத்தர் பேரும் இருக்காது. சொல்லிட்டேன்."

மங்கை அக்கா டிரம்மை விட்டு எழுந்தார்.

"அப்ப எதுக்கு இந்த மழைக்குள்ள இதைக் கொண்டு வந்தனீங்கள்?" ஆர்.ஐ.யை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டார். "உடன கொண்டு போங்கோ."

"எங்கம்மா கொண்டு போறது?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான். வேற எங்க காய்ஞ்ச இடம் இருக்கு?"

காலையிலிருந்து ஸ்பீக்கர் சொன்னதும், தலைவர் சொன்னதும், நான் சொன்னதும் அதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் குறுக்கே பேசாமல் இருப்பது எனக்கு இயல்பாகவே வரும். உங்களுக்கு வராவிட்டால் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

மங்கை அக்கா உள்ளே போய் ஒரு பெரிய கறுப்புக் குடை எடுத்து வந்தார். ஆர்.ஐ.யின் பக்கத்தில் நின்று, தொப்பைக்கு நேராக, அதாவது பதிவேட்டுக்கு நேராகக் குடையைப் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் நீல டிரம்மைத் தோளில் தூக்கினார். அவர்கள் நடந்தார்கள். பின்னால் கடைசி லைன் மொத்தமும் நடந்தது. யாரோ இன்னொரு குடையை அந்தப் பக்கத்திலிருந்து பிடித்தார்கள். ஒருவர் முன்னால் போய்ப் பள்ளம் பார்த்துச் சொன்னார். வழுக்கும் இடத்தில் இரண்டு பேர் ஆர்.ஐ.யின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். சாமி புறப்பாட்டுக்குக்கூட அந்த முகாமில் இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை. ஆர்.ஐ. மட்டும் தலையிலிருந்து கால் வரை நனைந்துகொண்டிருந்தார்.

"எனக்கும் கொஞ்சம் புடிம்மா," என்றார்.

"நீங்கள் காய்ஞ்சிடுவியள் சேர்," என்றார் மங்கை அக்கா.

நான் கடைசியாக நடந்தேன். யாராவது வீட்டுக்குள் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினேன். ஒருவரும் இல்லை. ஓர் ஆடு இருந்தது, அதையும் இழுத்து வந்தேன். மேட்டில் பாதி வழி இறங்கி வந்த பயிற்சி சார் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு சிக்கல். செக்கிங் என்றால் வாசலில் நிற்க வேண்டும். வாசல் இல்லாமல் எப்படி நிற்பது? ஆளாளுக்கு ஒரு வகுப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். கதவு போதாமல் சிலர் ஜன்னலில் நின்றார்கள். அங்கேயும் வீட்டு வரிசை மாறக் கூடாது என்று ஒருவரை ஒருவர் தள்ளிச் சரி செய்துகொண்டார்கள். மங்கை அக்காவுக்கு ஐந்தாம் வகுப்புக் கதவு கிடைத்தது. ஆர்.ஐ. ஹெட்மாஸ்டர் மேசையில் பதிவேட்டை வைத்து, துண்டால் ஓரத்தை ஒற்றினார். பிறகு சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுக்காமல், வகுப்பில் கிடந்த ஒரு பென்சிலை எடுத்தார்.

மங்கை அக்கா கண்ணுக்கு அது தப்பவில்லை. பேனை இல்லையா என்று கேட்டார்.

ஆர்.ஐ. முதல் முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே சாதாரணமான, களைத்துப்போன ஒரு மனிதர் இருந்தார். ஸ்கூலில் எடுப்பதற்கு ரூல் இல்லை, தண்ணீர் வடிந்ததும் முகாமுக்கு வந்து இதன் மேலேயே பேனாவில் போடுகிறேன், அதுவரை ஒருத்தர் பேரும் போகாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மங்கை அக்கா யோசித்தார். மேசைக்குப் போய், பென்சிலை வாங்கி, கூர் பார்த்து, சரி என்று திருப்பிக் கொடுத்தார்.

"முதல் பேர் என்ர பேரைப் போடுங்கோ."

போட்டார். மங்கை அக்கா குனிந்து பார்த்து, கொஞ்சம் அழுத்திப் போடச் சொன்னார். அழுத்திப் போட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் நேரத்தில் கீழே ஒரு சத்தம் கேட்டது. ஏரிக்கரை ஓரிடத்தில் உடைந்திருந்தது. நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்தோம். கால்வாய் எது, லைன் எது என்று தெரியவில்லை. கடைசி லைனில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது. நாங்கள் வெள்ளை அடித்த கூரைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. மங்கை அக்கா வீட்டின் பின்சுவர் சாய்ந்தது. பயிற்சி சார் ஆட்டுக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். ஆர்.ஐ. பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மங்கை அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். அழுவார் என்று பயந்து பக்கத்தில் போனேன்.

"டிரம்மைப் பாருங்கோ," என்றார். "உங்கட டிரம் நல்ல டிரம்."

முகாமில் எங்கள் திட்டத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதிலிருந்து என்ன சொல்வது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வெள்ளம் வருகிறது என்று சொல்ல நாம் போகிறோம். போகிற வீட்டில் அவர்களுக்கு ஏற்கெனவே வேறொரு பயம் உட்கார்ந்திருக்கும். அதற்கு நாற்காலி போட்டுவிட்டுத்தான் நம்முடையதைப் பேச முடியும். பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். ஒத்திகைக்குப் பழைய ஸ்பீக்கரை எடுப்பதற்கு முன், அது இதுவரை எதற்குக் கத்திக்கொண்டிருந்தது என்று விசாரியுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே தூங்கினார்கள். மங்கை அக்கா ஐந்தாம் வகுப்பு வாசலில் படுத்தார்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. பத்து மணி வாக்கில் ஆர்.ஐ. தன் வண்டியில் வந்தார். முகாமில் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, இருந்தாலும் எல்லோரும் சேற்றில் இறங்கி அவரவர் வாசலில் நின்றார்கள். மங்கை அக்கா வீட்டில் பின்சுவர் இல்லை. வாசல் இருந்தது. அவர் அட்டையோடு வாசலில் நின்றார். ஆர்.ஐ. பென்சில் டிக்கின் மேல் பேனாவில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.